தேயாத டயர்க்காரர்

என் கடைக்கு வருகிறவன் டயரை எப்படித் தொடுகிறான் என்பதை வைத்தே ஆளை அளந்துவிடுவேன். லாரிக்காரன் காலால் ஒரு உதை விடுவான். கார் வைத்திருக்கிற டாக்டர் ஒற்றை விரலால் தடவிவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொள்வார். மாட்டுவண்டிக்கு டயர் சக்கரம் மாட்ட வந்த சம்சாரி குனிந்து மோந்து பார்ப்பான். இத்தனை வருஷத்தில் ஈர்க்குச்சியோடு வந்தவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பேர் சொல்ல மாட்டேன். அவர் மேல் இரக்கப்பட்டு அல்ல. அவருடைய பேரன்கள் நல்ல பிள்ளைகள். என்னிடம்தான் டயர் வாங்குகிறார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பஸ் ஸ்டாண்டில் கழிந்தது. யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியைப் போட்டு பஸ் ஓட்டினார்களே, அந்தக் கரி பஸ்களுக்குப் பஞ்சர் ஒட்டித் தொழில் பழகியவன். மதுரையில் ஒரு பட்டறையில் டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற வேலையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டேன். எவனும் சொல்லித் தரவில்லை. இன்றைக்குச் சங்கரன்கோவிலில் டயர் என்றால் என் கடைதான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்லுகிறேன்.

நான் சொல்லுகிற காலம் சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து. கடை போட்ட புதுசு. அவர் நல்ல வசதியான வீட்டுக்காரர். குளத்துப் பாசனத்தில் வயல், ஊருக்குள் வீடுகள், வீட்டில் எடுபிடிக்கு ஆள். ஒடிசலான தேகம். சட்டைப் பையில் பேனா குத்துகிற இடத்தில் அவர் ஒரு தென்னை ஈர்க்கைக் குத்தியிருப்பார். அதில் பிளேடால் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தார். டயரின் பட்டன்களுக்கு, அதாவது ரோட்டைத் தொடுகிற ரப்பர்க் கட்டிகளுக்கு, நடுவில் இருக்கிற பள்ளத்தில் அதை விட்டு, கோட்டை நகத்தால் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரே கேள்வி.

“தேயுமா?”

டயரைப் பற்றி என்று இல்லை, உலகத்தில் எதைப் பற்றியும் அவருக்கு அந்த ஒரு கேள்விதான். வைத்தியர் அவரைக் காலையில் நடக்கச் சொன்னார். “முட்டி தேயாதா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டுக் குளியலறையில் சோப்பைத் தண்ணீர் படாத இடத்தில் வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வருவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அது கட்டுக்கதையாக இருக்கலாம். ஆட்டுரல் கதை கட்டுக்கதை இல்லை. என் கண்ணால் பார்த்தது.

ஆட்டுரலும் அம்மியும் நாளாக ஆக வழவழப்பாகிவிடும். அப்புறம் அதில் மாவு அரைபடாது. தெருவில் உளியும் சுத்தியலுமாகப் பெண்கள் வருவார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்லி, சொரசொரப்பு ஏற்றிக்கொள்வது வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். அவர் வீட்டில் மட்டும் கூடாது. கொத்தினால் கல் குறைகிறதாம். அந்த வீட்டம்மா கண்ணாடி மாதிரி ஆகிப்போன உரலில் விடியற்காலையிலிருந்து குழவியைச் சுற்றிக்கொண்டிருப்பார். மாவு வழுக்கிக்கொண்டு வெளியே வரும், அரிசி அரிசியாகவே இருக்கும். ஒரு நாள் நான் ஏதோ சோலியாக அந்த வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் சண்டை. அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து அம்மா உரலைக் கொத்த வைத்துவிட்டார். திரும்பி வந்த மனுஷன் உரலைச் சுற்றிக் கிடந்த கல்தூளை உள்ளங்கையில் கூட்டி அள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“பாரு, எம்புட்டுக் கல்லு போச்சுன்னு பாரு. இது திரும்ப வருமா?”

“கல்லு இருந்து என்ன செய்ய? மாவு அரைபட வேண்டாமா?” என்றார் அந்த அம்மா.

“அரைக்கத்தான் ரெண்டு கை இருக்கே உனக்கு!”

கை தேயும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அடுத்தவர் கை தேய்ந்தால் அது அவர் கணக்கில் வராது. இதை நான் அன்றைக்கே குறித்து வைத்துக்கொண்டேன், மனசில்.

இப்படிப்பட்ட ஆள் போய் எப்படி அந்தக் காரை வாங்கினார் என்பது ஊருக்கே அதிசயம். மலைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குக் கப்பல் ஏறும்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன வண்டி. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். மேல்கூரை இல்லை, துணியை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். எடையே கிடையாது, நானும் இன்னொருவனும் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்திருக்கிறோம். பந்தயத்துக்கென்று செய்த சாதி. மிதித்தால் சீறிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட வண்டி இவர் கையில் மாட்டியது, பந்தயக் குதிரையைச் செக்கில் கட்டின மாதிரிதான். சும்மாக் கிடைத்தது போல வந்ததே என்று வாங்கினார். ஓட்டத் தெரியும், ஆனால் ஓட்ட மாட்டார். சுடலை என்று ஒரு டிரைவரை வைத்திருந்தார்.

சுடலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வயசுக்காரன். கரி பஸ்ஸில் கிளீனராக இருந்து ஸ்டியரிங் பிடித்தவன். பேச்சு குறைவு. வெற்றிலை கூடப் போட மாட்டான். அவன் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் எந்த இடத்தில் கியர் மாற்றினான் என்று தெரியாது. நான் யாரையும் லேசில் புகழ மாட்டேன். அவனைப் புகழ்கிறேன்.

காரோடு வந்த சீமை டயர்கள் மொட்டையாகிவிட்டன. அதே டயர் வேண்டுமென்றால் பம்பாயிலிருந்து வரவழைக்க வேண்டும். அவர் அதைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மலிவாக எது கிடைக்கும் என்று ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. மூன்று வழி இருந்தது. இன்றைக்கும் லேசான வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, பழைய டயருக்கே புது ரப்பர் ஒட்டிக்கொள்வது. மாட்டுவண்டிக்கு முன்னும் பின்னுமாக ஊருக்குள் போய்வர அது போதும். ஆனால் பங்குனி வெயிலில் மிதித்து ஓட்டினால் ஒட்டின ரப்பர் சூடேறி, தோசையைக் கல்லிலிருந்து எடுக்கிற மாதிரி உரிந்து வந்துவிடும். அவர் அதைத்தான் முதலில் போட்டார். புளியங்குடிக்குப் போகிற வழியில் ஒரு பட்டை உரிந்து, பின்னால் எலுமிச்சம்பழம் ஏற்றி வந்த வண்டிக்காரன் மேல் போய் விழுந்தது. பாம்பு என்று நினைத்து அவன் வண்டியிலிருந்து குதித்துவிட்டான்.

இரண்டாவது, என் கடையில் இருந்த நம் நாட்டு டயர். புதுசு. விலை குறைவு. மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். அதை நான் மறைக்கவே இல்லை. “இது தேயும். தேயுறதுனாலதான் ரோட்டைப் பிடிக்கும்” என்று அவரிடமே சொன்னேன். ஈர்க்கை விட்டுப் பார்த்தார். கட்டை விரல் நகத்தால் பட்டனைக் கீறினார். நகக்குறி விழுந்தது. அவ்வளவுதான், செத்த எலியைத் தொட்டவர் மாதிரி கையை உதறினார்.

“என்னவே, வெண்ணெயைக் கொண்டு டயர் செஞ்சிருக்கான்?”

மூன்றாவது, மிலிட்டரி டயர். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது மதுரைப் பக்கம் மலை மாதிரி குவிந்து கிடந்தது. ஜீப்புக்குப் பின்னால் பளு இழுத்துப் போகிற சின்ன வண்டிக்குப் போட்ட டயர். அளவு எப்படியோ அந்தக் காரின் சக்கரத்துக்குப் பொருந்திவிட்டது. ரப்பரா கருங்கல்லா என்று தெரியாது. நகத்தால் கீறினால் நகம்தான் போகும். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நான் சொன்னேன். “ஐயா, இது பளுவுக்குப் போட்ட டயரு. மேலே பளு அமுக்கினாத்தான் இது ரோட்டுல ஒக்காரும். உங்க வண்டி காத்து மாதிரி இருக்கு. இது தரையில உருளுமே தவிர ஒட்டாது. மழை பேஞ்சா சோப்பு மேல நிக்கிற கதைதான்.”

“பளு வேணும்னா ஒரு ஆளை ஏத்திக்கிட்டாப் போச்சு” என்றார்.

விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தேன். இல்லை. அன்றையிலிருந்து அந்தக் காரில் இடது பக்க சீட் காலியாகப் போனதே கிடையாது. எடைக்கு ஆள் என்று அதற்குப் பேர். தெருவில் சும்மா நிற்கிறவனைக் கூப்பிட்டு, “ஏலே, கழுகுமலை வரைக்கும் சும்மா போய்ட்டு வாறியா?” என்பார். கார் சவாரி என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஏறுவான். அவர் வீட்டில் இருப்பார். சுடலையும் எடைக்கு ஏறினவனும் போய்வந்த பிறகு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஈர்க்கை விட்டுப் பார்ப்பார். தேய்மானம் இல்லை என்றால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நாலு பேர் கேட்க என் டயரை வெண்ணெய் டயர் என்று சொல்லிவிட்டுப் போவார். சுடலை இரண்டு தடவை அவரிடமே சொல்லியிருக்கிறான், வளைவில் பின்பக்கம் தனியாகப் போகிறது முதலாளி என்று. “நீ மெதுவா திருப்பு” என்பதுதான் பதில்.

ஐப்பசியில் முதல் தூறல் விழுந்த ஒரு பகல். அவருடைய மைத்துனர், வீட்டம்மாவின் தம்பி, இளையரசனேந்தலில் இருந்து வந்திருந்தார். அவரையே எடைக்கு ஏற்றி அனுப்பினார். கழுகுமலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஓடைப் பாலம். அதற்கு முன்னால் வளைவு. சுடலை மெதுவாகத்தான் திருப்பியிருக்கிறான். ஸ்டியரிங் திரும்பியது, சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. வண்டிக்கு முன்பக்கத் தகரம் நசுங்கியதோடு சரி, ஓடுகிற நிலையில்தான் இருந்தது. மைத்துனருக்குக் கை முறிந்தது. சுடலைக்கு நெற்றியில் காயம்.

இந்த இடத்தில்தான் அந்த மனுஷனின் நிஜமான சரக்கு வெளியே வந்தது. சம்சாரத்தின் பிறந்த வீட்டுக்காரர்கள் கோபமாக வந்து இறங்கினார்கள். டயரால் வந்த வினை என்றால் மலிவு டயர் போட்டவர் அவர். வார்த்தை தன் மேல் வரும். நடு வீட்டில் நின்றுகொண்டு சொன்னார்:

“டயர் கல்லு மாதிரி இருக்கு, போய்ப் பாருங்க. அவன் குடிச்சிருந்தான்.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியாது. அப்போது மதுவிலக்கு. குடித்தான் என்றால் போலீஸ் பிடிக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்று ஒரு டிரைவருக்குப் பேர் வந்தால் லைசென்ஸ் நிற்காது. நின்றாலும் அவன் கையில் எவனும் சாவியைக் கொடுக்க மாட்டான். சுடலைக்கு ஸ்டியரிங்கை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. வீட்டில் பெண்டாட்டியும் கைக்குழந்தையும். வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அந்த வாரத்திலேயே சுடலை மூன்று பஸ் முதலாளிகளைப் போய்ப் பார்த்தான். மூன்று பேரும் முதலில் அவன் வாயை மோந்து பார்க்கிற மாதிரி முகத்தைக் கிட்டே கொண்டு வந்தார்களாம். அதை அவன் என்னிடம் சொல்லும்போது தலையைத் தூக்கவே இல்லை.

“கோயில் வாசல்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுதேன் அண்ணாச்சி. அதுக்காவது எல்லாரும் வருவாகளா?”

“சத்தியம் பண்ணினா உன்னை நம்புறவன் நம்புவான், நம்பாதவன் சாமி மன்னிச்சிட்டும்பான். சத்தியத்தை விடுலே. டயர் இருக்கு, வண்டி இருக்கு, நீ இருக்கே. ஓட்டிப் பாத்துருவோம்” என்றேன்.

இந்த யோசனை என்னுடையது. வேறு யாருக்கும் அந்த ஊரில் தோன்றியிருக்காது. கயத்தாற்றுப் பக்கம் யுத்தத்துக்காக விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை ஒன்று சும்மாக் கிடந்தது. ஆடு மேயும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்வை எட்டாது. மேடு பள்ளம் இல்லை, மரம் இல்லை, எதிரே வண்டி வராது. மழை பெய்தால் மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி பரவி நிற்கும். மிலிட்டரி டயரை ஒரு தடவை, என் டயரை ஒரு தடவை, அதே வண்டியில் அதே இடத்தில் ஓட்டிப் பார்த்தால் குடித்தது டிரைவரா டயரா என்று தெரிந்துவிடும்.

அவர் ஒப்புக்கொண்டாரே என்று ஆச்சரியப்படாதீர்கள். அவருடைய கருங்கல் டயர்தான் ஜெயிக்கும் என்று மனசார நம்பினார். அதுவும் போக, டயர் என்னுடையது, பெட்ரோல் நான் ஊற்றுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நல்ல மழை பெய்து விட்டிருந்த ஒரு மத்தியானம். காரின் உதிரிச் சக்கரங்களில் என் டயர்களைப் போட்டு, என் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். சாட்சிக்கு எங்கள் ஊர் பஸ் முதலாளி ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். சுடலையின் வாயை மோந்து பார்த்த மூன்று பேரில் அவரும் ஒருவர், அதனால்தான் கூப்பிட்டேன். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவரும் வந்தார். கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மைத்துனரும் வந்திருந்தார். நம் ஆள் தன் காரில், வேறொருவனை ஓட்டச் சொல்லி, ஆமை மாதிரி வந்து சேர்ந்தார்.

ஓடுபாதையின் நடுவில் ஒரு தார் டிரம்மை நிறுத்தினேன். நேராக வந்து, டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். முதலில் மிலிட்டரி டயர். சுடலை ஏறும்போது பஸ் முதலாளி அவனைத் தன் முகத்துக்கு நேராக வாயை ஊதச் சொன்னார். ஊதினான். அவர் எங்களைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

கார் சீறிக்கொண்டு வந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் சுடலை ஸ்டியரிங்கை ஒடித்தான். முன்சக்கரம் இரண்டும் திரும்பி நிற்பதை எல்லாரும் பார்த்தோம். வண்டி அதைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகப் போய்ப் புல்லுக்குள் இறங்கி நின்றது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின.

“வேணும்னே விட்டான்!” என்று கத்தினார் அவர். “எல்லாரும் பாத்தீகல்லா, திருப்பவே இல்ல. என் டயருக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுக்கணும்னு வேணும்னே விட்டான்.”

“அப்பம் நீரே ஓட்டிக் காட்டும் வே” என்றார் பஸ் முதலாளி.

“எனக்கு இடுப்பு சரியில்ல.”

“காலையில நல்லாத்தானே இருந்தீரு?”

“மழைக் காத்து.”

எலுமிச்சை மண்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். கடைசியில் பஸ் முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அந்தக் காலத்தில் அவரே பஸ் ஓட்டி முதலாளியானவர், என்னைப் போலத்தான். சுடலை வந்ததில் முக்கால்வாசி வேகம்கூட இருக்காது. டிரம்முக்குப் பக்கத்தில் திருப்பினார். கார் ராட்டினம் மாதிரி தன்னைத் தானே ஒரு சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. இறங்கி வந்தவருக்கு முகம் வெளுத்திருந்தது. நேரே சுடலையிடம் போனார்.

“இதையாலே நீ தினம் ஓட்டிக்கிட்டிருந்தே?”

பிறகு ஜாக்கியைப் போட்டு என் டயர்களை மாட்டினேன். சுடலை முதலில் வந்த அதே வேகத்தில் வந்தான். நான் வாயால் அளப்பவன் என்று சிலர் சொல்வார்கள், அதனால் அளக்காமல் சொல்கிறேன். வண்டி டிரம்மைச் சுற்றித் திரும்பியது, தண்ணீர் விசிறி மாதிரி பக்கவாட்டில் அடித்தது, வந்த வழியே போய்விட்டது. அவ்வளவுதான். திருப்பினால் திரும்புகிற ஒரு வண்டி. பார்க்க ஒன்றுமே இல்லை. மைத்துனர் மட்டும் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்கா புருஷனைப் பார்த்தார்.

இப்போது அந்த மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு வார்த்தை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதற்கு ரப்பர் செலவில்லை, கல் செலவில்லை.

அவர் நேராகக் காரிடம் போனார். குந்தி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஈர்க்கை எடுத்து என் டயரின் பள்ளத்தில் விட்டார். நான்கு சக்கரத்துக்கும் விட்டார். எழுந்து நின்று எல்லாரும் பார்க்க அதைத் தூக்கிக் காட்டினார்.

“ஒரு தடவை திரும்புனதுக்கே தேஞ்சிருக்கு பாத்தீகளா? நான் அன்னைக்கே சொன்னேன், வெண்ணெய்னு.”

நான் டயர் வியாபாரி. எத்தனையோ விதமான ஆட்களிடம் பேரம் பேசியவன். இப்படி ஒரு கணக்கை எவனிடமும் கேட்டதில்லை.

சுடலைதான் முன்னால் வந்தான். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“முதலாளி, நான் குடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவுகளுக்கு முன்னால. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவர் ஈர்க்கைத் துடைத்துப் பையில் செருகினார். “சரி சரி, நாளைக்கு வேலைக்கு வந்திரு” என்றார். பெரிய தர்மம் பண்ணுகிற குரல்.

“வேலை கேக்கல முதலாளி.”

“வேலையும் கொடுத்து வார்த்தையும் கொடுக்கணுமோ?”

சுடலை கார் சாவியை எடுத்து முன்பக்கத் தகரத்தின் மேல் வைத்தான். எறியவில்லை, வைத்தான். நான் என் லாரிச் சாவியை எடுத்து, பஸ் முதலாளியும் மண்டிக்காரரும் பார்க்க, சுடலையின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். அந்த லாரி என் முதல் லாரி. ரத்தம் சுண்ட உழைத்து வாங்கினது. “ஓட்டுலே” என்றேன். பஸ் முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, “இவனுக்கு வேலை கொடுக்க உமக்கு முந்தி நான் வாயைத் தெறந்திருக்கணும்” என்றார். “பிந்திட்டீரு” என்றேன். “இனி எவனாவது இந்தப் பயலைக் குடிகாரன்னு சொன்னா என்கிட்ட வந்து சொல்லு” என்று அவர் சுடலையிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண் வேறு எங்கேயும் இல்லை, நம் ஆள் மேல்தான் இருந்தது.

வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. காரைக் கொண்டுவந்த ஆள் கயத்தாற்றிலேயே சோலி இருக்கிறது என்று கழன்றுகொண்டான். நான் அவ்வளவு வெறுப்பிலும் ஒரு நியாயம் சொன்னேன். “ஐயா, மழை வரப் போகுது. என் டயரே வண்டியில கெடக்கட்டும். வீடு போய்ச் சேந்து நாளைக்குக் கழட்டித் தாங்க.”

“வேண்டாம் வே. சங்கரன்கோவில் போய்ச் சேருததுக்குள்ள இன்னும் தேயும். அப்புறம் உமக்கு நான் பதில் சொல்லணும். என் டயரை மாட்டும்.”

மாட்டினேன். கேட்டதைச் செய்கிறவன்தானே வியாபாரி. மைத்துனரைக் கூப்பிட்டார். “வாரும், ஏறும்.” இடது சீட்டைத் தட்டிக் காட்டினார். மைத்துனர் முறியாத கையால் என் லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சை மண்டிக்காரர் கைகொடுக்க, மேலே ஏறிவிட்டார். எடைக்கு ஆள் இல்லை. அந்தக் காரில் அவர் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

தூறல் பிடித்துக்கொண்டது. கழுகுமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவரை எட்டிவிட்டோம். ரோட்டுக்கு நட்ட நடுவில், மாட்டுவண்டிகூட முந்திக்கொண்டு போகிற வேகத்தில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறார். பந்தயத்துக்குச் செய்த வண்டி. துணிக் கூரையை மாட்டத் தெரியாததால் மழை நேராகத் தலையில் இறங்குகிறது. திரும்பிப் பார்க்கவும் பயம். ஒதுங்கவும் பயம், ஒதுங்கினால் மண்ணில் சறுக்கும் என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் வண்டிகள், ஊர்வலம் மாதிரி. பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி ஆளாளுக்கு ஏசுகிறார்கள். லாரியின் பின்னாலிருந்து மண்டிக்காரர் தட்டுகிறார், என்ன நின்று நின்று போகிறீர்கள் என்று.

எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே சுடலை, ஹாரனை அமுக்குலே. ஒரே அமுக்கா அமுக்கு. ஓரமாப் போகட்டும் அந்த ஆளு.”

சுடலை ஹாரன் பக்கம் கையைக் கொண்டு போகவே இல்லை. முன்கண்ணாடி வழியாக அந்தக் காரின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, அதே ஊர்கிற வேகத்தில் இரண்டாவது கியரில் வைத்திருந்தான். முன்னால் ஓடைப் பாலத்து வளைவு வந்துகொண்டிருந்தது.

“வேண்டாம் அண்ணாச்சி. ஹாரன் அடிச்சா பயந்துபோய் பிரேக்கை மிதிச்சிருவாரு. அந்த டயரு வழுக்கிரும்.”

நான் அடித்திருப்பேன்.